எம்101ல் சூப்பர்நோவா: சின்ன டெலஸ்கோப்பில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள்

#1 மலைச்சாரல் | 20 மே 2023, காலை 9.20

நண்பர்களே, நேற்று இரவு ஜப்பானின் யமகட்டாவிலிருந்து கோயிச்சி இதாகாகி எம்101 கேலக்சியில் ஒரு சூப்பர்நோவாவை, அதாவது வெடிக்கும் நட்சத்திரத்தை, பிடித்திருக்கிறார். நூற்றைம்பதுக்கும் மேல் சூப்பர்நோவா கண்டுபிடித்த கை அது. பெயர் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். படத்தில் பதிவானபோது பிரகாச அளவு, அதாவது மேக்னிட்யூட், 14.9 (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல்). சில மணி நேரத்துக்குள் லா பால்மா தீவின் லிவர்பூல் தொலைநோக்கி நிறமாலை எடுத்து, இரண்டாம் வகை என்று உறுதி செய்துவிட்டது.

எம்101 நமக்கு ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டு தொலைவு. சூப்பர்நோவா கணக்கில் இது பக்கத்து வீதி. இதே கேலக்சியில் 2011 ஆகஸ்டில் வெடித்த எஸ்என் 2011எஃப்இ 9.9 வரை ஏறியது. ஆனால் அது உச்சத்தில் இருந்த செப்டம்பரில், நம் ஊரில் இருட்டும் நேரத்துக்கு எம்101 வடமேற்கில் இருபது டிகிரி உயரத்துக்கு இறங்கியிருந்தது. தமிழ்நாட்டில் பலருக்கு அது கிடைக்காமலே போனது. இந்த முறை நேரம் நம் பக்கம். இரவு பத்தே காலுக்கு எம்101 உச்சத்தில் இருக்கும், உயரம் 45 டிகிரிக்கு மேல். நேற்றுதான் அமாவாசை. ஜூன் 4 பௌர்ணமி. அதனால் இந்த வாரத்தை விட்டுவிடாதீர்கள்.

வழி சொல்கிறேன். வடக்கே பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி மண்டலம் கவிழ்ந்து கிடக்கும், வால் வலப்பக்கம். வாலின் நுனி மரீசி, அதற்கு முந்தியது வசிட்டர், கூடவே அருந்ததி. வசிட்டர் இடப்பக்கம், மரீசி மேலே, இவர்கள் இருவரோடு சமபக்க முக்கோணம் போட்டால் கீழே வலப்பக்க மூலையில் எம்101. ஃபைண்டரில் (டெலஸ்கோப்பின் மேலுள்ள சின்ன வழிகாட்டிக் குழாயில்) போகிறவர்கள் வசிட்டரிலிருந்து கிழக்கே ஒரு வரிசையாக வரும் 81, 83, 84, 86 என்ற நான்கு நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு போகலாம். 86லிருந்து இன்னும் ஒன்றரை டிகிரி கிழக்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து.

ஒரே ஒரு வேண்டுகோள். பார்த்தால் எழுதுங்கள். பார்க்க முடியாமல் போனாலும் எழுதுங்கள். நேரம், டெலஸ்கோப், அந்த இடத்தில் எவ்வளவு மங்கலான நட்சத்திரம் வரை தெரிந்தது, இந்த மூன்றும் இருந்தால் "தெரியவில்லை" என்பதும் ஒரு கணக்குதான். நான் இன்று தாண்டிக்குடிப் பக்கம் 8 இன்ச் டாப்சோனியன் என்ற, கையால் திருப்பும் எளிய டெலஸ்கோப்போடு இருப்பேன்.

#2 ஆவடிவானம் | 20 மே 2023, காலை 11.05

அண்ணா, எங்கள் மொட்டை மாடியில் எம்101 என்பதே கிடையாது. 6 இன்ச் வைத்துத் தேடியிருக்கிறேன். வடக்கே முழுக்க ஆரஞ்சு வெளிச்சம், தெருவிளக்கு வேறு. கேலக்சியே தெரியாத இடத்தில் அதற்குள் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை எப்படிப் பார்ப்பது? சென்னைக்காரர்கள் படம் பார்த்துத்தான் திருப்திப்பட வேண்டுமா?

#3 மலைச்சாரல் | 20 மே 2023, மதியம் 1.40

தம்பி, பலரும் இந்த இடத்தில்தான் கையை விட்டுவிடுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எம்101க்கு மேக்னிட்யூட் 7.9 என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்த வெளிச்சம் முழுவதும் முழு நிலா அளவுக்குப் பரவிக் கிடக்கிறது. ஒரே கரண்டி மாவைக் கல் முழுக்கத் தேய்த்த தோசை மாதிரி, எந்த இடத்திலும் கனமில்லை. அதனால்தான் ஊர் வெளிச்சத்தில் கேலக்சி முதலில் காணாமல் போகிறது. சூப்பர்நோவா அப்படி இல்லை, அது ஒரு புள்ளி. ஐபீஸை (கண் வைக்கும் லென்ஸை) மாற்றி உருப்பெருக்கத்தைக் கூட்டினால் வானத்தின் பின்னணி வெளிச்சம் விரிந்து மங்கும், கேலக்சியும் கூடவே மங்கும். நட்சத்திரப் புள்ளி மட்டும் புள்ளியாகவே நிற்கும். 6 இன்ச்சில் 120, 150 மடங்கு வையுங்கள். ஆவடி வானத்தில்கூட 12 மேக்னிட்யூட் நட்சத்திரம் அப்போது எட்டும்.

ஆகவே கேலக்சியைத் தேடாதீர்கள். இடத்தைத் தேடுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் எம்101ஐச் சுற்றியுள்ள நட்சத்திரங்களை 13 மேக்னிட்யூட் வரை போட்டு, கையால் ஒரு வரைபடம் எழுதிக்கொள்ளுங்கள். கேலக்சியின் மையத்திலிருந்து கிழக்கே சுமார் 4 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க்மினிட்), தெற்கே 2 ஆர்க்மினிட் கொஞ்சம் கூட. அங்கே படத்தில் இல்லாத ஒரு புள்ளி இருந்தால், அதுதான்.

திசைதான் குழப்பும். கண்ணாடியால் ஒளி சேர்க்கும் நியூட்டோனியனில் படம் தலைகீழ், ஒளியைத் திருப்பும் டயகனல் போட்ட ரிஃப்ராக்டரில் (லென்ஸ் டெலஸ்கோப்பில்) இடவலம் மாறும். தலையில் கணக்குப் போட வேண்டாம். டெலஸ்கோப்பைத் தொடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். நட்சத்திரங்கள் எந்த ஓரம் வழியாக வெளியே போகிறதோ அது மேற்கு. பிறகு குழாயைத் துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கமாக லேசாகத் தள்ளுங்கள். புதிதாக நட்சத்திரங்கள் நுழையும் ஓரம் வடக்கு. இந்த இரண்டையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. சூப்பர்நோவாவுக்கு அரை ஆர்க்மினிட் வடகிழக்கில் என்ஜிசி 5461 இருக்கிறது. எம்101ன் சுருள் கையில் நட்சத்திரங்கள் பிறக்கும் பெரிய வாயு மேகம். இருட்டு வானத்தில் பார்ப்பவர்கள் அந்தக் கட்டியைப் பார்த்துவிட்டு "கிடைத்துவிட்டது" என்று எழுதிவிடுவது நடக்கும். அது கொஞ்சம் புகையாகத் தெரியும், புள்ளியாக இராது.

#4 பனிப்புலம் | 21 மே 2023, காலை 8.50

வணக்கம் எல்லாருக்கும். நான் ஸ்காபரோவில இருக்கிறன், டொராண்டோ. எங்களுக்கு எம்101 அடிவானத்துக்குக் கீழ போறதே இல்லை. இப்ப இரவில கிட்டத்தட்ட தலைக்கு மேல நிக்குது. கொஞ்சம் வடக்கே காரில போய் 10 இன்ச் டாப்சோனியனைப் போட்டனான்.

பார்த்தனான். சந்தேகமே இல்லை. 60 மடங்கில கேலக்சி ஒரு வெளிறின வட்டமாத் தெரியுது, சுருள் கை எண்டு சொல்ல ஏலாது. 180 மடங்குக்குப் போன உடனே கிழக்கும் தெற்குமான பக்கத்தில ஒரு கூரான புள்ளி. பக்கத்தில என்ஜிசி 5461 மங்கலா, ஓரக்கண்ணால பார்த்தால் மட்டும். ரெண்டும் வேற வேற எண்டு பிரிஞ்சே தெரிஞ்சது. என்ர மதிப்பு 12.3, உலக நேரம் 21 மே 3.00. முதல் நாள் 14.9 எண்டால் இது ஓடிற ஓட்டம் பெரிய ஓட்டம்.

மலைச்சாரல் அண்ணை, உங்கட திசைக் குறிப்பு அருமையா வேலை செய்தது.

#5 கேமராக்கண் | 21 மே 2023, மதியம் 12.15

இதைப் படித்துவிட்டு ஒரு சந்தேகத்தில் பழைய கோப்புகளைத் திறந்தேன். 19ஆம் தேதி இரவு பொள்ளாச்சிப் பக்கத் தோப்பில் 80 மி.மீ. ரிஃப்ராக்டர் வைத்து எம்101 எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிட எக்ஸ்போஷர்களாக, இரவு ஒன்பதரையிலிருந்து. அப்போது எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முழுவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிப் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம். போன வருடம் எடுத்த படத்தில் அங்கே எதுவும் இல்லை.

கையெல்லாம் நடுங்குகிறது. இதை என்ன செய்வது? யாருக்கு அனுப்ப வேண்டும்?

#6 மலைச்சாரல் | 21 மே 2023, மதியம் 12.50

கேமராக்கண் சார், முதலில் அந்தக் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள். டார்க், ஃபிளாட் என்ற திருத்தப் படங்கள் எல்லாம் சேர்த்து.

இதாகாகியின் படம் உலக நேரம் 17.27, நம் நேரம் இரவு 10.57. உங்களுடைய முதல் ஃபிரேம் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியது! கண்டுபிடித்தவர் இதாகாகிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் வெடித்த முதல் நாளில் வெளிச்சம் மணிக்கு மணி எப்படி ஏறியது என்று கணக்கிட, உங்களுடையது போன்ற படங்களைத்தான் ஆய்வாளர்கள் தேடுவார்கள். அந்த நேரத்தில் பெரிய தொலைநோக்கிகள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

செய்ய வேண்டியது: மொத்தமாக அடுக்கிய படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், அரை மணிக்கு ஒரு அடுக்காகப் பிரித்துத் தனித்தனியாக அடுக்குங்கள். ஸ்ட்ரெட்ச் செய்யாத படத்தில்தான் அளக்க வேண்டும். அழகுக்காக வளைவு மாற்றிவிட்டால் பிரகாச விகிதம் போய்விடும். சிரில், ஆஸ்டாப் இரண்டும் இலவசம், இரண்டிலும் அளக்கலாம். கலர் கேமரா என்றால் பச்சை சேனலை மட்டும் பிரித்து அளந்து, அமெரிக்க மாறுவிண்மீன் கூர்நோக்கர் சங்கத்தின் தளத்தில் டிஜி என்ற பிரிவில் பதியலாம். உங்கள் லேப்டாப் கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் விக்டர் புசோ என்ற பொழுதுபோக்கு வானியலாளர் 2016 செப்டம்பர் 20 அன்று தன் 40 செ.மீ. டெலஸ்கோப்பில் புது கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். என்ஜிசி 613ஐக் குறுகிய எக்ஸ்போஷர்களாக எடுத்துக்கொண்டே இருந்தவருக்கு, படங்களுக்கு நடுவிலேயே ஒரு புள்ளி தோன்றி வளர்ந்தது. நட்சத்திரத்தின் உள்ளிருந்து வரும் அதிர்ச்சி அலை மேற்பரப்பை உடைத்து வெளியேறும் தருணம் அது. அந்தப் படங்கள் 2018ல் நேச்சர் இதழில் ஆய்வுக் கட்டுரையாக வந்தன. உங்களுடையது அந்தத் தருணம் இல்லை, ஒரு நாள் பிந்தியது. ஆனால் அதே குடும்பம்.

#7 அருந்ததி_பத்தாம்வகுப்பு | 21 மே 2023, மாலை 6.30

எனக்கு மூன்று கேள்வி. அப்பாவின் 10x50 பைனாகுலரில் தெரியுமா? இரண்டு கோடி வருடத்துக்கு முன்னாலேயே வெடித்துவிட்டது என்றால் அதை ஏன் 2023 என்கிறோம்? ஐஎக்ஸ்எஃப் என்றால் என்ன?

#8 விருதுநகர்_பௌதிகம் | 21 மே 2023, இரவு 8.10

கண்ணு, பைனாகுலரில் தெரியாது. நல்ல இருட்டில் 10x50க்கு 9, 10 மேக்னிட்யூட் வரைதான் எட்டும். ஆனால் கேலக்சியின் மங்கல் திட்டைப் பார்க்க முயற்சி செய், ஊருக்கு வெளியே போனால் கிடைக்கும். சூப்பர்நோவாவுக்கு நல்ல வானத்தில் 4 இன்ச் டெலஸ்கோப் வேண்டும்.

வருடத்தைப் பொறுத்தவரை, வானியலில் நாம் பதிவு செய்வது ஒளி இங்கே வந்து சேர்ந்த நாளைத்தான். தொலைவை அளப்பதில் எப்போதும் சில லட்சம் ஒளியாண்டு முன்பின் இருக்கும், அதனால் வெடித்த தேதியை அங்கே உள்ளபடி எழுதவே முடியாது. வந்து சேர்ந்த நேரத்தை மணிக்கணக்கில் சொல்லலாம்.

பெயர் சுவாரசியமானது. ஒவ்வொரு வருடமும் வானத்தில் புதிதாகத் தோன்றும் பொருள்களுக்கு வரிசையாக எழுத்து கொடுக்கிறார்கள். முதல் 26க்கு ஆங்கிலத்தின் ஒற்றைப் பெரிய எழுத்துகள், அடுத்து இரட்டைச் சின்ன எழுத்துகள் 676, அதுவும் முடிந்தால் மூன்றெழுத்து. ஐ ஒன்பதாவது, எக்ஸ் இருபத்துநான்காவது, எஃப் ஆறாவது. ஒன்பதை 676ஆல் பெருக்கு, இருபத்துநான்கை 26ஆல் பெருக்கு, ஆறைக் கூட்டு. 6,714 வரும். ஜனவரி 1லிருந்து மே 19க்குள் கொடுக்கப்பட்ட 6,714ஆவது பெயர் இது. அவ்வளவு பெயர்களில் சின்ன டெலஸ்கோப்புக்கு எட்டுவது ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

இரண்டாம் வகை பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் இன்னும் எழுதவில்லை. சூரியனைவிடப் பல மடங்கு கனமான நட்சத்திரத்தின் மையத்தில் எரிபொருள் தீர்ந்து இரும்பு சேர்ந்ததும், அதற்கு மேல் எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. மையம் ஒரு நொடிக்குள் சரியும். அந்தச் சரிவில் வெளியாகும் ஆற்றலில் ஏறத்தாழ 99 சதவீதத்தை நியூட்ரினோக்கள் எடுத்துக்கொண்டு போய்விடும். நட்சத்திரத்தின் உடம்பைச் சிதறடிப்பது ஒரு சதவீதம். நாம் கண்ணால் காணும் ஒளி அதிலும் நூறில் ஒரு பங்கு. அந்தப் பங்குதான் இப்போது பல கோடி சூரியன்களாகத் தெரிகிறது. வெளிப்புறத்தில் ஹைட்ரஜன் மிச்சம் இருந்ததால் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடுகள். அதனால் இரண்டாம் வகை. 2011ல் அங்கே வெடித்தது ஒன்று-ஏ வகை, ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிந்து தீர்ந்த நட்சத்திரத்தின் அடர்ந்த எச்சம்). அதில் ஹைட்ரஜன் கிடையாது.

லிவர்பூல் நிறமாலையில் ஹைட்ரஜன், ஹீலியத்தோடு கார்பன், நைட்ரஜன் கோடுகளும் கூர்மையாக நிற்கின்றன. வெடிப்பதற்குச் சில வருடம் முன்னால் நட்சத்திரம் தன்னைச் சுற்றிக் கொட்டிய வாயுவை வெடிப்பின் வெளிச்சம் பற்ற வைத்தால் வரும் கோடுகள் அவை. சில நாளில் அணைந்துவிடும். அதனால்தான் எல்லாரும் இவ்வளவு அவசரமாக நிறமாலை எடுக்கிறார்கள்.

#9 கேமராக்கண் | 22 மே 2023, காலை 10.00

அளந்து அனுப்பிவிட்டேன், நன்றி. நேரத்தோடு அடுக்கிப் பார்த்தால் அந்த ஒரு இரவுக்குள்ளேயே ஏறுவது தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன், யாரும் தவறாக எடுக்க வேண்டாம். கண்ணால் பார்த்து 12.3, 11.8 என்று எழுதுவதில் இன்று என்ன பயன்? கேமராவில் நூறில் ஒரு மேக்னிட்யூட் வரை வருகிறது. கண்ணுக்கு 0.2, 0.3 பிழை சாதாரணம். இந்த இழையில் ஆர்வமாக எழுதுபவர்கள் எல்லாரும் ஒரு சின்ன கேமரா வாங்கினால் இன்னும் உருப்படியாக இருக்குமே.

#10 மலைச்சாரல் | 22 மே 2023, மதியம் 2.20

நியாயமான கேள்வி. துல்லியம் என்று வந்தால் கேமராதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று விஷயம்.

இந்தப் பொருள் 24 மணி நேரத்தில் இரண்டு மேக்னிட்யூட்டுக்கு மேல் ஏறியது. அந்த வேகத்தில் போகிறபோது, 0.2 பிழையோடு நாலு மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு இருப்பது, பிழையே இல்லாமல் நாளுக்கு ஒன்று இருப்பதைவிட மேல். மேகத்துக்கு நடுவில் ஐந்து நிமிடம் வானம் திறந்தால் டாப்சோனியன்காரன் பார்த்து எழுதிவிட்டுப் போவான். மவுண்ட் சீர்செய்து, கைடிங் பிடித்து, ஃபோகஸ் போடுவதற்குள் மேகம் மூடிவிடும்.

இரண்டாவது, மாறுவிண்மீன் சங்கத்தில் நூறு வருடத்துக்கும் மேலாகக் கண் மதிப்பீடுகள் சேர்ந்து கிடக்கின்றன. 1911லிருந்து. ஒரே முறையில் எடுத்த நீண்ட தொடர் என்பதற்கு ஒரு மதிப்பு உண்டு. கண் மதிப்பீட்டை அவர்கள் தனிப் பிரிவாகவே வைக்கிறார்கள், கேமரா அளவோடு கலப்பதில்லை.

மூன்றாவது எனக்கு முக்கியமானது. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவான்ஸ் என்ற பாதிரியார் கேலக்சிகளின் தோற்றத்தை நினைவிலேயே வைத்துக்கொண்டு, ஐபீஸ் வழியாகக் கண்ணாலேயே நாற்பது சூப்பர்நோவாவுக்கு மேல் கண்டுபிடித்தார். எந்தப் புள்ளி நேற்று இல்லை என்று ஒரு மனிதக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் பழக்கம் மதிப்பு எழுதி எழுதித்தான் வரும். பார்த்துவிட்டுப் போகிறவருக்கும், பார்த்து எழுதுகிறவருக்கும் ஒரே வருடத்தில் வித்தியாசம் தெரியும்.

எழுதும் முறை, புதியவர்களுக்காக: சங்கத்தின் தளத்தில் சூப்பர்நோவாவின் பெயரைக் கொடுத்து வரைபடம் எடுங்கள். ஒப்பீட்டு நட்சத்திரங்கள் பக்கத்தில் 110, 116 என்று எண் இருக்கும். 11.0, 11.6 என்று பொருள். புள்ளி வைத்தால் நட்சத்திரம் என்று தோன்றிவிடும், அதனால் புள்ளி போடுவதில்லை. சூப்பர்நோவாவைவிடக் கொஞ்சம் பிரகாசமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று, இரண்டையும் எடுங்கள். 110க்கும் 116க்கும் நடுவில், மூன்றில் ஒரு பங்கு 110லிருந்து இறங்கியிருக்கிறது என்று பட்டால் 11.2. மூன்றையும் முறையே ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள், ஓரத்தில் இருப்பது மங்கித் தெரியும். சிவப்பு நட்சத்திரத்தோடு ஒப்பிடாதீர்கள். உற்றுப் பார்க்கப் பார்க்கச் சிவப்பு கூடிக்கொண்டே போகும். சட்டென்று ஒரு பார்வை, அடுத்தது, மறுபடி முதலாவது. இணையத்தில் மற்றவர்கள் போட்ட மதிப்பைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மதிப்பை எழுதிவிடுங்கள்.

#11 கேமராக்கண் | 22 மே 2023, மாலை 4.05

ஏற்றுக்கொள்கிறேன், முதல் காரணம் சரியான காரணம். மேகம் என் இரவுகளை நிறையவே தின்றிருக்கிறது. எவான்ஸ் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஆனாலும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஒரு மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள ஸ்டார் அனலைசர் கிரேட்டிங் ஃபில்டர் இருந்தால் இந்தப் பிரகாசத்தில் நிறமாலையே எடுக்கலாம். 8 இன்ச்சுக்கு மேல் உள்ளவர்கள் முயலுங்கள். கண்ணால் எட்டாத இடம் அது.

#12 ஆவடிவானம் | 23 மே 2023, இரவு 12.40

பார்த்துவிட்டேன் அண்ணா!!

மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் டெலஸ்கோப்பை வைத்து, தெருவிளக்கு விழாதபடி தலையில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டேன். வசிட்டர் வரை கண்ணுக்குத் தெரிந்தது, 86 ஃபைண்டரில் மட்டும். அங்கிருந்து மெல்ல நகர்த்தி நீங்கள் சொன்ன வரைபடத்தோடு ஒப்பிட்டேன். 48 மடங்கில் ஒன்றும் இல்லை, சாம்பல் வானம். 133க்குப் போனதும் பின்னணி கறுத்தது. முதலில் மூன்று நட்சத்திரங்கள் ஒரு சின்ன வளைவாக. அடுத்து, வரைபடத்தில் இல்லாத நான்காவது. கேலக்சியின் சாயல்கூட இல்லை. வெறும் புள்ளி, கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளையாகப் பட்டது. கண்ணை எடுத்து, வேறு பக்கம் பார்த்து, மறுபடி வைத்தேன். அதே இடம்.

மதிப்பு 11.2. உலக நேரம் 22 மே 17.05. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா இந்தப் பாடு" என்றார்கள், ஆனால் ஐந்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை.

#13 பனிப்புலம் | 23 மே 2023, காலை 9.15

தம்பி, வாழ்த்துகள். நானும் 11.2 எண்டுதான் எழுதினனான், சில மணித்தியாலம் பிந்தி. உங்கட மதிப்பைப் பார்க்க முந்தியே அனுப்பிட்டன். ஆவடியில 6 இன்ச்சும் இங்க 10 இன்ச்சும் ஒரே இலக்கம் சொல்லுது. இப்ப ஏற்றம் குறைஞ்சிட்டுது போல, 11ஐத் தொட்டு நிக்கும் எண்டு நினைக்கிறன்.

#14 விருதுநகர்_பௌதிகம் | 23 மே 2023, இரவு 9.30

இரண்டு பேரும் தனித்தனியாக எழுதியதுதான் இதில் அழகு. பள்ளி திறந்ததும் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன்.

சின்ன கணக்கு ஒன்று. முதல் படத்துக்கு முந்தைய நாட்களில் எடுத்த படங்களை வைத்து ஏற்றத்தைப் பின்னோக்கிக் கணித்தால், வெடிப்பின் முதல் ஒளி பூமிக்கு வந்தது மே 18, நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி. அந்த நேரம் எம்101 தமிழ்நாட்டு வானத்தில் உயரத்தில்தான் இருந்தது. அன்று யாராவது அங்கே கேமரா வைத்திருந்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தேடுங்கள். அந்த இடத்தில் எதுவும் இல்லை என்று காட்டும் படமும் வேண்டும். எவ்வளவு மங்கல் வரை "இல்லை" என்று சொல்லிவிட்டால், வெடித்த நேரத்தை அந்தப் பக்கத்திலிருந்து பூட்டிவிடலாம்.

#15 நெறியாளர் | 3 ஜூன் 2023, காலை 7.00

பௌர்ணமி நெருங்குவதால் அடுத்த சில இரவுகள் கடினம். கேலக்சி போய்விடும், 11 மேக்னிட்யூட் புள்ளி 6 இன்ச்சுக்கு எட்டும். மதிப்பு எழுதும்போது நிலா இருந்ததைக் குறிப்பில் சேர்க்கவும். பொருளில்லாத "சூப்பர்", "அருமை" பதிவுகளை நீக்கியிருக்கிறோம்.

#16 மலைச்சாரல் | 20 ஆகஸ்ட் 2023, இரவு 10.15

இழை தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். தென்மேற்குப் பருவ மேகத்தில் ஜூலை முழுக்க இடைவெளிகளில்தான் பார்க்க முடிந்தது. ஜூன், ஜூலையில் மிக மெதுவாகத்தான் மங்கியது. இப்போது ஆகஸ்டில் சட்டென்று சரிகிறது. வடமேற்கில் இறங்கும் முன் 8 இன்ச்சில் பார்த்தால் ஓரக்கண்ணில் வந்து வந்து போகிறது.

டீச்சர், இந்த மேடும் சரிவும் ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லுங்களேன்.

#17 விருதுநகர்_பௌதிகம் | 21 ஆகஸ்ட் 2023, இரவு 8.45

சிதறிப் போகும் ஹைட்ரஜன் உறை முதலில் அயனியாகி இருக்கும், ஒளி ஊடுருவ முடியாது. விரிந்து குளிர்ந்து 6,000 கெல்வினை ஒட்டி வந்ததும் வெளிப்புறத்திலிருந்து ஹைட்ரஜன் மறுபடி நடுநிலை அணுவாகி, ஒளியை வெளியே விடும். அந்த எல்லை நாளுக்கு நாள் உள்நோக்கி நகரும். மொத்த உறை விரிகிறது, ஒளிவிடும் எல்லை உள்ளே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் வாரக்கணக்கில் பிரகாசம் அதிகம் மாறாது. எல்லை உறையின் அடிவரை போய்ச் சேர்ந்ததும் கையிருப்பு தீர்ந்தது. இங்கே 80 நாளை ஒட்டி அது நடந்திருக்கிறது, பல இரண்டாம் வகைகளைவிடக் கொஞ்சம் சீக்கிரம். இனி வரும் ஒளி கோபால்ட்-56ன் கதிரியக்கச் சிதைவிலிருந்து. அரைவாழ்வு 77 நாள். அதனால் இனி இறக்கம் சீராக இருக்கும், ஆனால் நம் டெலஸ்கோப்புகளை விட்டுப் போய்விடும்.

வெடித்த நட்சத்திரத்தையும் பழைய படங்களில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹபிள், ஸ்பிட்சர் தொலைநோக்கிகளின் படங்களில், தூசு போர்த்திய ஒரு சிவப்புப் பெருநட்சத்திரம், ஏறத்தாழ ஆயிரம் நாளுக்கு ஒரு முறை கூடிக் குறைந்துகொண்டிருந்தது. அதன் நிறைக்கு ஆளுக்கு ஒரு கணக்கு, பத்துச் சூரியனிலிருந்து இருபது வரை போகிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள இமாலய சந்திரா தொலைநோக்கியும் இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள புறஊதாத் தொலைநோக்கியும் இதைத் தொடர்ந்து பார்த்திருக்கின்றன. நம் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரின் கட்டுரையில் சுற்றியிருந்த அடர்ந்த வாயுவைப் பற்றி விரிவாக இருக்கிறது.

#18 கேமராக்கண் | 13 ஏப்ரல் 2024, காலை 8.30

இந்த இழையில் எழுதியவர்களுக்கு இரண்டு செய்தி. ஒன்று, போன மாதம் நேச்சர் இதழில் ஐஎக்ஸ்எஃப் பற்றி வந்த ஆய்வில், வெடித்த முதல் மணி நேரங்களுக்குப் பொழுதுபோக்கு வானியலாளர்களின் பல நிறப் படங்கள் பயன்பட்டிருக்கின்றன. தூசுக்குள்ளிருந்து அதிர்ச்சி அலை வெளிவரும்போது நிறம் சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியதை அவை காட்டியிருக்கின்றன. என் படம் அதில் இல்லை. ஆனால் ஏன் மூலக் கோப்பை அழிக்கக்கூடாது என்பது இப்போது நன்றாகவே விளங்குகிறது.

இரண்டாவது இன்றைக்கு. எஸ்என் 2024ஜிஜிஐ, என்ஜிசி 3621ல். ஏப்ரல் 11 அன்று அட்லஸ் கண்காணிப்புத் திட்டம் பிடித்தது. இதுவும் இரண்டாம் வகை, இதுவும் இரண்டு கோடி ஒளியாண்டைக் கொஞ்சம் தாண்டிய தூரம்தான். வேகமாக ஏறுகிறது.

#19 பனிப்புலம் | 13 ஏப்ரல் 2024, மாலை 5.40

எங்களுக்கு இது சரிவராது. தெற்கே 33 டிகிரி எண்டால் இங்க அடிவானத்துக்கு மேல பதின்மூண்டு டிகிரிதான், டொராண்டோ வெளிச்சம் முழுக்க அந்தப் பக்கம். போன வருசம் நாங்கள் தலைக்கு மேல பார்த்தம், இந்த முறை உங்கட பங்கு. யாழ்ப்பாணத்தில மச்சானுக்கு 5 இன்ச் இருக்கு, அவருக்கும் சொல்லிட்டன்.

#20 ஆவடிவானம் | 13 ஏப்ரல் 2024, மாலை 6.10

நம் ஊரில் 45 டிகிரி உயரம், இரவு பத்து மணியை ஒட்டி உச்சம், நிலா அதற்குள் மேற்கே தாழ்ந்திருக்கும். நீர்ப்பாம்பு மண்டலத்தின் தெற்கு ஓரம். எங்கள் மாடியில் தெற்குப் பக்கம் தென்னை மரம் ஒன்று குறுக்கே நிற்கிறது, அதனால் பக்கத்து வீட்டு மாமாவிடம் அவர் மாடிக்குச் சாவி வாங்கிவிட்டேன். வரைபடம் எடுத்தாயிற்று, ஒப்பீட்டு நட்சத்திரங்களுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். மதிப்பை அனுப்பிவிட்டுத்தான் இங்கே வருவேன், அதுவரை யாருடைய எண்ணையும் பார்க்கப் போவதில்லை.